குழுவில் தீட்சை வாங்காமல் தனியாக விக்கா பயிலலாமா?

லீட்ஸ்_மாணவி:
லீட்ஸில் முதுகலை படிக்கிறேன். தனியாகப் பயில்பவர்களுக்கென்றே ஸ்காட் கன்னிங்ஹாம் 1988இல் எழுதிய விக்கா (சூனியத்தை வழிபாடாகக் கொண்ட நவீன மதம்) கையேட்டைப் படித்து முடித்துவிட்டேன். சடங்குக்குப் புனித வட்டம் இடுவது, முழுநிலாச் சடங்கு, தன்னைத் தானே அர்ப்பணித்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இங்கே ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, "குழுவில் தீட்சை வாங்காதவர் விக்காவே இல்லை" என்று சொல்லிவிட்டார். அப்படித்தானா? இன்னொன்று, விடுதி அறையில் மெழுகுவத்தி ஏற்றத் தடை.

பழைய_வழி:
சொன்ன விதம் முரட்டுத்தனம், விஷயம் சரி. விக்காவைப் பரப்பிய ஆங்கிலேயர் ஜெரால்ட் கார்ட்னர் 1954இல் புத்தகம் எழுதி வெளியே சொன்னது குழு வழியைத்தான். மூன்று படிகள் உண்டு. ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் தீட்சை தருவார்கள். அதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் காத்திருக்க வைப்பது பல குழுக்களின் வழக்கம். பிறகுதான் சடங்குப் புத்தகத்தைக் கையால் நகல் எடுக்கலாம், அதையும் வெளியே காட்டுவதில்லை என்ற சத்தியத்தோடு. கடையில் வாங்கிய நூலில் இது கிடைக்காது. தனியாகச் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நிலாப்பித்து:
கார்ட்னருக்கு யார் தீட்சை தந்தார்கள் அண்ணே? 1939இல் தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஒரு பழைய குழு தன்னைச் சேர்த்துக்கொண்டது என்பது அவர் சொன்ன கதை. அந்தக் குழு நிஜமாகவே பழையதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1953இல் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வாலியன்டே, அந்த ரகசியப் புத்தகத்தில் மாந்திரீக எழுத்தாளர் அலெய்ஸ்டர் க்ரௌலியின் வரிகள் கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பல பகுதிகளை அவரே திருத்தி எழுதினார். நீங்கள் இன்று உருகிச் சொல்லும் தேவியின் உரை அவர் கைவண்ணம்தான். அதே வாலியன்டே 1978இல் வெளியிட்ட நூலில் சுயதீட்சைச் சடங்கைச் சேர்த்தார். கார்ட்னர் வழியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ரேமண்ட் பக்லாண்டும் 1970களில் சீக்ஸ் விக்கா என்று தனி மரபு தொடங்கி, சுயதீட்சையை அனுமதித்தார். வீட்டுக்காரர்களே கதவைத் திறந்துவிட்ட பிறகு வாசலில் நின்று சீட்டுக் கேட்கிறீர்கள்.

பழைய_வழி:
அந்த இரண்டு பேரும் குழுவில் பயின்றவர்கள். கன்னிங்ஹாமும் குழுக்களில் தீட்சை பெற்றவர்தான். எதை விட்டுவிடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிதாக வருபவருக்கு அது எப்படித் தெரியும்? சடங்கின் நடுவில் மனம் பதறினால் பக்கத்தில் யார் இருப்பார்?

தெற்கு_வானம்:
மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். புத்தகப்படி யூல் பண்டிகை டிசம்பர் 21 வாக்கில், பனிக்காலத்தின் நீண்ட இரவில். அன்றைக்கு இங்கே கோடை, வியர்த்துக் கொட்டும்! அதனால் பலர் எட்டுப் பண்டிகைகளையும் ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டோம். யூல் ஜூனில் வரும், அக்டோபர் 31இல் வர வேண்டிய சவின் பண்டிகை ஏப்ரல் கடைசியில். வட்டத்தில் நெருப்பின் திசை தெற்கு என்று எழுதியிருக்கும். இங்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கிறது, அதனால் நெருப்பை வடக்கே மாற்றினோம். சிலர் வட்டத்தையும் இடஞ்சுழியாகவே இடுகிறார்கள், இங்கே சூரியன் போகும் போக்கு அது. இங்கிலாந்திலிருந்து வந்த எந்த நகல் புத்தகமும் இதைச் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். தனியாக இருப்பவருக்கும் அதே வானம் இருக்கிறதே?

ஏட்டுப்பூச்சி:
எந்தப் பக்கம் போனாலும் "ஆதிகால மதம்" என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். மார்கரெட் முர்ரே 1921இல் கிளப்பிய அந்தக் கருத்தை வரலாற்றாளர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். இலையுதிர் காலப் பண்டிகைக்கு மேபன் என்ற பெயரே 1970களில் ஓர் அமெரிக்கர் வைத்தது. 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீங்கிய பிறகுதான் கார்ட்னரால் வெளிப்படையாக எழுத முடிந்தது. ஒரு கொசுறு: மனிதர் 1900இல், பதின்ம வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அப்புறம் மலாயாவில் சுங்க அதிகாரி. சூனியமெல்லாம் ஓய்வுக்காலத்து வேலை.

லீட்ஸ்_மாணவி:
சரி, பெயர்ச் சண்டையை நீங்கள் தொடருங்கள். சுயதீட்சையை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். அடுத்த முழுநிலாவுக்கு என்ன செய்யலாம்? கத்தி வேண்டுமா?

நிலாப்பித்து:
வேண்டாம், சுட்டுவிரலே போதும். அதாமே என்கிற அந்தக் கறுப்புப் பிடிக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடாதீர்கள். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் அதை வைத்திருப்பது பிரிட்டனில் குற்றம். மதச் சடங்குக்கு என்று சட்டத்தில் விலக்கு உண்டுதான், ஆனால் நள்ளிரவில் போலீஸிடம் விளக்குவது உங்கள் பாடு. மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. ஒரு கிண்ணத்தில் உப்பு, இன்னொன்றில் தண்ணீர். ஜன்னலைத் திறந்து வைத்து வட்டம் இடுங்கள், முடிந்ததும் மறக்காமல் கலைத்துவிடுங்கள். தேதி, என்ன செய்தீர்கள், என்ன தோன்றியது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

பழைய_வழி:
பேட்டரி விளக்கை நினைத்தால் எனக்குக் கண் கூசுகிறது, போகட்டும். நோட்டு எழுதச் சொன்னது நல்ல யோசனை. ஓராண்டு எழுதிவிட்டுக் குழு தேடுங்கள். தீட்சைக்குப் பணம் கேட்டாலோ, முதல் நாளே உடை களையச் சொல்லி அவசரப்படுத்தினாலோ அந்தப் பக்கமே போக வேண்டாம். எங்கள் வழியில் தீட்சைக்குக் காசு வாங்குவதில்லை.

நிலாப்பித்து:
அந்த ஓராண்டு முடியும்போது அவர் விக்காவா, இல்லையா?

பழைய_வழி:
இல்லை. ஆனால் நோட்டைக் கொண்டுவந்தால் உட்காரவைத்துப் பேசுவேன்.