ஊசி போட்டும் சினை நிற்காத எங்கள் மாடு

நாங்கள் யாழ்ப்பாணத்து நீர்வேலி. கொட்டிலில் இரண்டு மாடு, இரண்டும் ஜேர்சிக் கலப்பு. மூத்தது இரண்டாம் கன்று போட்டபிறகு மூன்று தரம் சினைக்கு விந்து ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. விந்து பழசாம், போட்டவருடைய கை சரியில்லையாம், மாட்டுக்குக் கொழுப்பாம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இறைச்சிக்குக் கேட்டு ஒரு யாவாரி விலையும் பேசிவிட்டுப் போனார். எனக்கு மனம் வரவில்லை.

மிருக வைத்தியர் வந்து கையை விட்டுப் பார்த்தார். கருப்பையில் ஒரு குறையும் இல்லை. "எத்தனை மணிக்கு வேட்கையைக் கண்டீங்கள்?" என்று கேட்டார். வேட்கை என்றால் மாடு சினைக்குத் தயாராகும் நேரம். எனக்குப் பதில் தெரியவில்லை. காலமை மாடு கத்தும். பால் கறந்து, பிள்ளைகளை அனுப்பி, தோட்டத்தால் வந்து பின்னேரம்தான் போன் எடுப்பேன். ஊசி போடுபவர் அடுத்த நாள் மத்தியானம் வருவார். அதற்குள் காலம் போய்விடும். வேட்கை ஓய்ந்து 10 முதல் 12 மணித்தியாலத்தில் முட்டை வெளியே வரும், அதன் ஆயுளோ சில மணித்தியாலம்தான். விந்து அதற்கு முன்பே உள்ளே போய்க் காத்திருக்க வேண்டும். காலமை கண்டால் அன்று பின்னேரம், பின்னேரம் கண்டால் அடுத்த நாள் காலமை. அவ்வளவுதான் கணக்கு.

இன்னொரு மாடு மேலே ஏற, விலகாமல் நிற்பதுதான் சரியான அறிகுறி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் மாடுகள் நாள் முழுக்கக் கட்டையிலேயே நிற்கின்றன, ஏறுவதற்கு எது வரும்? அதனால் வாலைத்தான் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். 21 நாளுக்கு ஒருதரம் வேட்கை வரும் என்பதால், போன வேட்கையிலிருந்து எண்ணி 18-ம் நாளிலிருந்தே இரவு பத்து மணிக்கும் விடிய நாலரைக்கும் ரோச் லைற்றோடு கொட்டிலுக்குப் போனேன். மூன்றாம் நாள் விடிய வாலடியில் கண்ணாடி நூல்போல வழும்பு, அறாமல் நிலம்வரை தொங்கியது. தொடையில் ஒட்டியது காய்ந்து மினுங்கியது. வைத்த தவிடு அப்படியே கிடந்தது.

ஆறு மணிக்கே போன் எடுத்தேன். ஊசி போடுபவர் பின்னேரம் நாலு மணிக்கு வந்து, வேப்பமர நிழலில் கட்டச் சொன்னார். திரவ நைதரசன் குடுவையைத் திறக்கப் புகைபோல எழும்பியது. உள்ளே −196 பாகைக் குளிராம். விந்து உறைந்திருக்கும் ஒரு மெல்லிய குழாயை எடுத்து இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் விட்டு, ஈரம் போகத் துடைத்தார். அந்த ஈரம்கூட விந்துக்கு ஆகாதாம். 21-ம் நாள் மாடு கத்தவில்லை. 70-ம் நாள் வைத்தியர் பார்த்துவிட்டு "நிக்குது" என்றார். நான் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

*

அக்கா, நான் கரவெட்டி. எங்கள் மாடு கத்தவே கத்தாது. ஊசி போட்ட இரண்டாம் நாள் வாலில் இரத்தம் கண்டு, "கலைஞ்சு போச்சு" என்றா அம்மா. அப்படியில்லை என்று பிறகுதான் அறிந்தோம். வேட்கை முடிந்து ஒன்றிரண்டு நாளில் சில மாடுகளுக்கு இரத்தம் படும். சினை நின்றதா இல்லையா என்று அது சொல்லாது, ஆனால் நாள் எண்ண உதவும். அடுத்த தரம் வேட்கையைத் தவறவிட்டு இரத்தத்தை மட்டும் கண்டபோது கலண்டரில் வட்டம் போட்டேன். அதிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது நாள் தள்ளிக் காத்திருந்து பிடித்தோம். அதோடு மாடு விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தது. வைக்கலும் பனையோலையும் மட்டும் போட்டு வந்திருக்கிறோம். புண்ணாக்கும் தாதுக் கலவையும் கொடுத்து உடம்பு தேறிய பிறகே வழும்பும் தெளிவாக வந்தது.

*

நீங்கள் சொன்ன இரத்தக் கணக்கை நானும் எழுதி வைத்துக்கொண்டேன், தம்பி. போன கிழமை எங்கள் மாடு கன்று போட்டது. ஊசி போட்டு 281-வது நாள், நாம்பன் கன்று. பசுக்கன்றுக்கு ஆசைப்பட்டோம். சரி, தாய் நக்க நக்க அது எழும்பி நின்றதைப் பார்த்த பிறகு அந்தக் குறை தெரியவில்லை. இளங்கொடி, அதுதான் நஞ்சுக்கொடி, விழுந்ததும் மகன் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தான். அடுத்த சினைக்காக, கன்று போட்டதிலிருந்து 60-ம் நாளுக்குக் கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ரோச் லைற்றோடு திரும்பவும் கொட்டிலுக்குப் போக வேண்டும்.