வாஷிங்டன் குடும்பப்பெயர்: பழைய ஆவணம் பார்த்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஊர்ப்பெயரே குடும்பப்பெயரான ஆங்கிலேயர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். வாஷிங்டன் என்ற பெயரில் வந்து மாட்டிக்கொண்டேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் பக்கம் வாஷிங்டன் என்றொரு ஊர். வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் தன் ஊரான ஹெர்ட்பர்னைக் கொடுத்துவிட்டு இந்த ஊரை மாற்றாகப் பெற்றதை, டர்ஹாம் ஆயருக்காக 1183-இல் தொகுத்த நிலக் கணக்கேடான போல்டன் புத்தகம் சொல்கிறது. ஊர் மாறியதும் அவர் பெயரும் வாஷிங்டன் என்று மாறிவிட்டது! இவர் வழிவந்தவராகச் சொல்லப்படும் லாரன்ஸ் வாஷிங்டன் 1539-இல் நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் நிலத்தை வாங்கினார். ஜார்ஜ் வாஷிங்டன் அவருடைய கொடிவழி. (இன்று அமெரிக்காவில் இந்தப் பெயருள்ளவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அது தனிக்கதை.)

சிக்கல் இதுதான்: தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் இருக்கிறது. அந்த ஊர்ப்பெயரைத் தாங்கிய குடும்பங்களை எப்படிப் பிரித்தறிவது? தேவாலயப் பதிவேடுகள் 1538-க்குப் பிறகுதான் தொடங்குகின்றன. 1296, 1327, 1332 சசெக்ஸ் வரிப்பட்டியல்களை யாராவது புரட்டியிருக்கிறீர்களா? லத்தீன் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. எங்கே தேடலாம் என்று சொன்னாலே போதும்.