பொட்டலம் பிடித்தால் வெட்டுக்குத்து குறையுமா?

தச்சநல்லூர்க்காரன்:
போன வாரம் திருநெல்வேலியில் எங்கள் பக்கத்துப் படித்துறையில் உட்கார்ந்திருந்த நாலு பையன்களைக் கஞ்சாப் பொட்டலத்தோடு போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. டீக்கடையில் ஒருவர், "இனிமேதான் பாருங்க, வெட்டுக்குத்து கூடும்" என்கிறார். எனக்கு எரிச்சலாகிவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த வழியாக வரப் பயந்தார்கள், இப்போது வருகிறார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு முழுக்கக் 'கஞ்சா வேட்டை' என்று ஆரம்பித்தார்களே, அதை விட்டு விட்டு நடத்தாமல் தொடர்ந்து நடத்தினால் அருவாள் தானாக இறங்கும் என்பது என் கட்சி.

பாளை வக்கீல்:
அண்ணாச்சி, டீக்கடைப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். நான் இந்த வழக்குகள் நடத்துகிறவன். 1985இல், நம் போதைப்பொருள் சட்டம் வந்த அதே வருஷம், அமெரிக்காவில் பால் கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர் போதை சம்பந்தப்பட்ட வன்முறையை மூன்றாகப் பிரித்தார்: போதை தலைக்கேறி அடிப்பது, போதைக்குக் காசு தேடி அடிப்பது, வியாபாரத் தகராறில் அடிப்பது. பிறகு 1988இல் நியூயார்க்கில் நடந்த 414 கொலைகளை அவரும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். பாதிக்குச் சற்று மேல் போதைப்பொருள் சம்பந்தப்பட்டவை, அவற்றில் ஏறக்குறைய நாலில் மூன்று வியாபாரத் தகராறு! கடன் பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது, ஏமாற்றினவன் மேல் வழக்குப் போட முடியாது, அவர்களுக்குப் பஞ்சாயத்து எல்லாம் ஆயுதம்தான். ஒருத்தனை உள்ளே வைத்தால் அவன் இடத்துக்கு ரெண்டு பேர் போட்டி போடுவான். அதோடு "ஏல, எவம்ல போட்டுக் குடுத்தது" என்று ஒரு கேள்வி கிளம்பும். அதில் விழுகிற வெட்டுக்குப் பெரும்பாலும் 'முன்விரோதம்' என்றுதான் எழுதுவார்கள்.

தச்சநல்லூர்க்காரன்:
சார், அந்த நியூயார்க் கதை கிராக் கோக்கைன் என்ற கடும் போதை, துப்பாக்கி. இங்கே வருவது ஆந்திரா, ஒடிசா மலைப் பக்கத்திலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிற கஞ்சா. ரெண்டையும் ஒரே தராசில் போடலாமா? சட்டத்தைத் தளர்த்தினால் சண்டை குறையும் என்றால், 2003 முதல் டாஸ்மாக் சில்லறைக் கடையில் அரசாங்கமே விற்கிறதே, சண்டை குறைந்ததா? கடை திறந்திருக்கும்போதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உங்கள் மூன்றில் முதல் வகை, அந்தத் தலைக்கேறுகிற வகை, அதை மட்டும் ஏன் லேசாகத் தாண்டிப் போகிறீர்கள்?

பாளை வக்கீல்:
தாண்டவில்லை. சாராய விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். கஞ்சாவைக் கடையில் விற்கச் சொல்லவும் இல்லை. யாரைப் பிடிப்பது என்பதுதான் என் கேள்வி. மெக்சிகோவில் 2006 டிசம்பரில் புதிதாக வந்த ஜனாதிபதி கால்டெரோன் ராணுவத்தை இறக்கினார். 2007இல் அங்கே கொலைகள் 9,000க்கும் கீழே, 2011இல் 27,000ஐத் தாண்டியது. தலைவனைத் தூக்கத் தூக்க, ஒரு கூட்டம் நாலாகச் சிதறி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டது. அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரிய காரணம்.

பேட்டை மருந்துக்கடை:
ரெண்டு பேரும் நியூயார்க், மெக்சிகோ என்று போய்விட்டீர்கள், என் கடை வாசலுக்கு வாருங்கள். எப்போதெல்லாம் கஞ்சா கிடைப்பது இறுகுகிறதோ அந்த வாரம் புது முகங்கள் வந்து வலி மாத்திரை பேர் சொல்லிக் கேட்கும், டாக்டர் சீட்டு இருக்காது. கரைத்து ஊசியில் ஏற்றுகிறான்களாம். சீட்டு கேட்டதற்கு ஒருநாள் ராத்திரி ஷட்டரில் கல் விழுந்தது. புகார் கொடுக்கவில்லை, ஏனென்று எல்லாருக்கும் தெரியும், நாளைக்கும் நான்தானே கடை திறக்க வேண்டும். வேட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணாச்சி. வேட்டை நடக்கிற வாரத்தில் எங்கள் தெருவுக்கும் ஒரு ரோந்து வரட்டும்.

நாங்குநேரி டீச்சர்:
ஒன்று சொல்லவா? ரெண்டு கட்சியுமே எனக்கு அரைகுறையாகப் படுகிறது. 2023 ஆகஸ்டில் எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. எதற்கு? கஞ்சாவுக்கு இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிற சாதிக்கு. கையில் கயிறு, நெற்றியில் அடையாளம், அதுதான் பிரச்சினை. இந்தப் பக்கத்து வெட்டுகளில் இடத் தகராறும் பழிக்குப் பழியும் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பொட்டலத்துக்கு வாருங்கள். 'கஞ்சாப் பயலுவ' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை, அதனால்தான் அப்படிச் சொல்கிறோம் என்று நான் நினைக்கிறேன்.

தச்சநல்லூர்க்காரன்:
டீச்சர், சாதிதான் வேர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பகையோடு படுத்தவனை ராத்திரி எழுப்பிவிடுவது எது?

நாங்குநேரி டீச்சர்:
எங்கள் ஊரில் எழுப்பிவிட போதை தேவைப்படவில்லை, சார்.

வண்ணார்பேட்டை அக்கா:
நான் எந்தக் கட்சியும் இல்லை. என் தங்கை மகன் ஒரு வருஷமாகக் கஞ்சாப் பழக்கத்தில் இருக்கிறான். வீட்டில் பாத்திரம் பறக்கிறது. போலீஸிடம் சொன்னால் கேஸ் ஆகிவிடும், வேலைக்குப் போக முடியாது என்று தங்கை அழுகிறாள். சொல்லாவிட்டால் அவளுக்கே அடி. என்ன செய்வது?

பாளை வக்கீல்:
அக்கா, பயப்படாதீர்கள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால்தான் ஜாமீனே கிடைக்காத அளவுக்கு இறுகும். அதே போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவன், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கு நடத்துவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும், பாதியில் ஓடினால் அந்த விலக்கு போய்விடலாம். பிடிபடுகிற பையன்களில் இதைத் தெரிந்தவன் நான் பார்த்தவரை யாருமில்லை.

தச்சநல்லூர்க்காரன்:
இப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். படித்துறைப் பையன்களில் ஒருத்தன் எங்கள் தெருதான். அவன் அப்பாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். அதற்காக வேட்டை வேண்டாம் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள் சார்.

வண்ணார்பேட்டை அக்கா:
தம்பி, அந்தச் சிகிச்சைக்கு யாரிடம் கேட்பது?

பேட்டை மருந்துக்கடை:
14446, இலவச எண்தான். போன் போட்டால் பக்கத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். முதலில் தங்கச்சி பேசட்டும், பையனை அப்புறம் கூட்டிக்கொண்டு போகலாம்.