லிசியன் வே: கடலோரப் பாதையில் எதிர்ப்பட்டவர்களும் எதிர்ப்பட்டவையும்

லிசியன் வே என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான். துருக்கியின் தென்மேற்கில் ஃபெத்தியே அருகே ஓவாஜிக்கில் தொடங்கி, கடலை ஒட்டியே ஏறி இறங்கி, அந்தால்யா பக்கம் முடிகிற பாதை. 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். முழுவதையும் ஒரே வீச்சில் நடப்பவர்கள் உண்டு. நான் மேற்குப் பகுதியை மட்டும் நிதானமாக நடந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் நடக்கச் சொல்வேன். ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம் என்று கணக்கு வைத்து ஓடினால், வழியில் ஒருவர் "வந்து உட்காருங்கள்" என்று கூப்பிடும்போது உட்கார முடியாது. இந்தப் பாதையில் எனக்குக் கிடைத்த நல்லதெல்லாம் அப்படி உட்கார்ந்த இடங்களில் கிடைத்ததுதான்.

பாதையை 1999-ல் திறந்தார்கள். துருக்கியிலேயே தங்கிவிட்ட பிரிட்டிஷ் பெண்மணி கேட் க்ளோ, பழைய ரோமானியச் சாலைகள், கழுதைத் தடங்கள், மந்தை ஓட்டிப்போகும் வழிகள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒன்றோடொன்று இணைத்தார். பாறையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கோடு இருந்தால் சரியான வழி. சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. கொஞ்ச நேரமாகக் கோடே கண்ணில் படவில்லையா, முன்னே போய்த் தேடாதீர்கள். கடைசியாகக் கோடு பார்த்த இடத்துக்கே திரும்பி வாருங்கள். முள்புதருக்குள் ஆடுகள் போட்ட தடம் ஆயிரம் இருக்கும், எல்லாமே பாதை மாதிரிதான் தெரியும்.

தொடக்கத்திலேயே பாபாதாக் மலையின் இடுப்பை ஒட்டி நடக்கும்போது, கீழே ஒலூதெனிஸ் குடாவின் நீலம் முழுவதும் தெரியும். அதைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வரும் கபாக். மூன்று பக்கமும் பைன் மரச் சரிவு, நடுவில் சின்னக் குடா. காலையில் அங்கே குளித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அலின்ஜாவுக்கு ஏற ஆரம்பித்தேன். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர் அது. ஏற்றம் நெடுகச் சரளைக்கல், கால் வைத்தால் நழுவும். ஆனால் பைன் நிழல் இருக்கிறது, அதனால் மூச்சு வாங்கினாலும் சிரமம் தெரியவில்லை.

அலின்ஜாவில் ஒரு பாட்டி வீட்டு முற்றத்தில் சேஜ் என்ற மூலிகை இலையை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் அந்த இலையிலேயே டீ போட்டுக் கொடுத்தார். எனக்குத் துருக்கி மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பூட்ஸைத்தான் பார்த்தார். இடது காலில் கயிறு மாட்டும் கொக்கி ஒன்று பிய்ந்து தொங்கியது. உள்ளே போய் முறுக்கிய ஆட்டு மயிர்க் கயிறு ஒன்றை எடுத்து வந்து, குனிந்து, கணுக்காலைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சுக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்து, திருப்தியான பிறகுதான் என்னை விட்டார். அந்தக் கயிறு பயணம் முடியும்வரை அவிழவே இல்லை.

அங்கிருந்து சிடிமா என்ற பழைய நகரத்துக்கு. இது தனி வேலி போட்டு டிக்கெட் வாங்கும் இடம் இல்லை. தொதுர்கா என்ற கிராமமே அந்தப் பழைய நகரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுச் சுவரில் கிரேக்க எழுத்துள்ள கல், வயல் நடுவே கல்லறை, கல்லறை நிழலில் ஆடு. வழி காட்டிய பெரியவர் ஒருவர் என் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். அவர் ஒரு கல்லின் மேல் கொஞ்சமாக ஊற்றி உள்ளங்கையால் தேய்த்தார். வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் வரி வரியாக எழுத்து எழுந்து வந்தது! ஈரம் காய்ந்ததும் மறுபடி மறைந்துவிட்டது. லிசியா என்பது இந்தக் கடலோரத்தின் பழங்காலப் பெயர்; அதன் கல்லறைகளில் இப்படிப்பட்ட கல்வெட்டுகள் நிறைய உண்டு. இது யாருக்கான கல்லறை, வேறு யாரையாவது இதில் புதைத்தால் நகரத்துக்கு இவ்வளவு அபராதம் கட்ட வேண்டும் என்றே எழுதி வைத்திருப்பார்கள். பெரியவருக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் ஊரில் எந்தக் கல்லில் எழுத்து இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியும்.

பத்தாரா தாண்டி, கல்கானுக்கு முன்னால் டெலிக்கெமர் வரும். தயவுசெய்து அதைத் தவற விடாதீர்கள். மலைச் சுனையிலிருந்து பத்தாரா நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன ரோமானியக் கால்வாய், இந்தத் தாழ்வான இடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. பெரிய பெரிய கற்களின் நடுவில் துளை போட்டு, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் குழிக்குள் பொருந்தும்படி செதுக்கி, நீளமான சுவரின் மேல் வரிசையாக அடுக்கிக் கல் குழாய் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் இறங்கும் தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே மறுபக்கம் ஏறும். கிட்டத்தட்ட 2000 ஆண்டுகளாகியும் கற்கள் அதே வரிசையில் கிடக்கின்றன. ஒரு துளைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உட்பக்கம் வழுவழுவென்று இருந்தது, சுண்ணாம்புப் படிவு விரல் நுனியில் தட்டுப்பட்டது.

———

மேலே சிடிமாவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கும் எழுத வேண்டும்போல் இருக்கிறது. நான் காஷ் ஊரிலிருந்து கெகோவா வரை தனியாக நடந்தேன். பெண்ணாகத் தனியே போவது சரிப்படுமா என்று பலர் தயங்குகிறார்கள். என் அனுபவத்தில் மனிதர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. யோசிக்க வேண்டியது மந்தை நாய்களைப் பற்றித்தான்.

காஷ் தாண்டியதும் லிமானாஸ் குடாவுக்கு இறங்கும் இடம் கொஞ்சம் செங்குத்து. கையையும் பயன்படுத்தித்தான் இறங்க வேண்டும், பை கனமாக இருந்தால் பின்னுக்கு இழுக்கும். தலைக்கு மேலே பாறையில் லிசியர்கள் குடைந்த கல்லறைகள். மர வீட்டை அப்படியே கல்லில் செதுக்கியிருப்பார்கள். உத்தரத்தின் நுனி, கதவின் சட்டம் எல்லாம் கல்லிலேயே இருக்கும். அதைத் தாண்டினால் பாதை தண்ணீருக்கு மிக அருகில், கூர்கூரான சுண்ணாம்புப் பாறை மேலேயே போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விழுந்தால் பாறை கையைக் கிழித்துவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் யாருமில்லாத ஒரு சிறு குடா. கூழாங்கல் அடி வரை தெரியும் தண்ணீர்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மேட்டில் ஏறும்போது இரண்டு பெரிய மந்தை நாய்கள் குரைத்துக்கொண்டே நேராக வந்தன. ஓடவே கூடாது. நின்றேன், கைத்தடியைத் தாழ்த்திப் பிடித்தேன், நாயின் கண்ணைப் பார்க்காமல் மேய்ப்பருக்குக் கேட்கும்படி சத்தமாகக் குரல் கொடுத்தேன். புதருக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் சத்தம்தான் வந்தது. நாய்கள் இரண்டும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன. அப்புறம்தான் மேய்ப்பர் வந்தார், என் வயதுதான் இருக்கும். மந்தையைச் சுற்றிக்கொண்டு மேல் பக்கமாகப் போகச் சொல்லிக் கையால் காட்டினார். ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவில் நாம் வரக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதன் பிறகு மணிச் சத்தம் கேட்டாலே முன்கூட்டியே விலகி நடந்தேன்.

இந்தப் பகுதியில் என் மனசு முழுக்க அபெர்லாய் என்ற பழைய துறைமுக ஊர்தான். சாலை கிடையாது, நடந்தோ படகிலோதான் போக முடியும். கோட்டைச் சுவர் மேட்டிலிருந்து இறங்கிக் கடலில் போய் முடிகிறது. கரை தாழ்ந்துபோனதால் துறைமுகத்தின் பகுதி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்களின் அடித்தளக் கோடுகள் மேலிருந்து பார்த்தாலே தெரியும். இந்த ஊர் ஊதாச் சாயத்தால் வாழ்ந்த ஊர். முரெக்ஸ் என்ற கடல் நத்தையிலிருந்து அந்தச் சாயத்தை எடுத்தார்கள். ஒரு துணிக்குச் சாயம் போட எக்கச்சக்கமான நத்தை வேண்டும், அதனால்தான் அரசர்கள் அணியும் நிறமாக இருந்தது. உடைத்துப்போட்ட நத்தை ஓடுகள் இன்னும் கரையோரம் குவியலாகக் கிடக்கின்றன. காலுக்கடியில் நொறுங்கிய சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எல்லா ஓட்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் உடைப்பு. அதைப் பார்த்ததும் அந்த வேலை செய்தவர்களின் கைகள் எனக்கு மிகவும் பக்கத்தில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. ஒன்றைக்கூட எடுக்காமல் வந்தேன். நீங்களும் எடுக்காதீர்கள், துருக்கியில் தொல்பொருளை எடுத்துப்போவது பெரிய குற்றம்.

அடுத்து ஊச்சாஸ், அதற்கப்பால் சிமெனா. சிமெனாவுக்கும் சாலை இல்லை. கோட்டைக்குள் பாறையிலேயே குடைந்த குட்டி அரங்கம் ஒன்று இருக்கிறது. சுமார் 300 பேர்தான் உட்காரலாம். கீழே ஆழமில்லாத தண்ணீரில் ஒரு கல்லறை தனியாக நிற்கும். மூடியைப் பார்த்தால் கவிழ்த்துப்போட்ட படகு மாதிரியே இருக்கும். எதிரே கெகோவா தீவின் ஓரமாக, பழைய நிலநடுக்கங்களில் மூழ்கிய நகரத்தின் படிக்கட்டுகள் கடலுக்குள் இறங்குகின்றன. அங்கே நீந்தத் தடை, படகில் இருந்தபடி பார்க்கலாம்.

———

கெலிடோன்யா முனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: தண்ணீர். கராஓஸிலிருந்து கலங்கரை விளக்கம் ஏறி, மறுபக்கம் அத்ராசான் போய்ச் சேரும்வரை ஊரே கிடையாது. ஒரு நாள் முழுக்க நீளும் நடை அது. வழியில் இருக்கும் மழைநீர்த் தொட்டியை நம்பிப் போகாதீர்கள், பருவத்தைப் பொறுத்து அடியில் பாசிதான் இருக்கும். நான் ஆறு லிட்டர் சுமந்தேன், அத்ராசான் வந்தபோது மிச்சமில்லை.

கலங்கரை விளக்கம் 1936-ல் கட்டியது, கடலுக்கு 227 மீட்டர் மேலே நிற்கிறது. முனைக்கு எதிரே தீவுகள் வரிசையாகத் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் கி.மு. 1200 வாக்கில் செப்புக் கட்டிகளோடு போன கப்பல் ஒன்று மூழ்கியது. 1960-ல் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் குழுவினர் அதை அகழ்ந்தார்கள். தொல்லியலாளர்களே கடலுக்கடியில் மூழ்கி முறையாகச் செய்த தொடக்ககால அகழாய்வு அது. அங்கே எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்த ஒரு தம்பதி, எதுவும் பேசாமல் பாதி ஆரஞ்சை உரித்து என் கையில் வைத்தார்கள். அந்த வெயிலில் அது எவ்வளவு பெரிய உதவி என்று நடந்தவர்களுக்குத் தெரியும்.

———

எங்கள் அனுபவம் வேறு மாதிரி. எனக்கும் மனைவிக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முட்டி வலியும் உண்டு. பெரிய ஏற்றங்களை விட்டுவிட்டுக் கிழக்குப் பகுதியில் ஒலிம்போஸ், சிராலி, ஃபாசெலிஸ் மட்டும் போனோம். பெரியவர்கள் தயங்கவே வேண்டாம்.

ஒலிம்போஸ் நகரம் ஓர் ஓடையின் இரு கரையிலும் மரங்களுக்குள் புதைந்து கிடக்கிறது. லிசிய நகரங்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருந்தது. 23 நகரங்கள், பெரியவற்றுக்கு மூன்று வாக்கு, நடுத்தரத்துக்கு இரண்டு, சிறியவற்றுக்கு ஒன்று என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். ஒலிம்போஸுக்கு மூன்று வாக்கு. பேரவை கூடிய மண்டபம் பத்தாராவில் இருக்கிறது, அதைச் சீரமைத்தும் இருக்கிறார்கள். இந்த வாக்கு முறையைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ மிகவும் மெச்சியிருக்கிறார். மூன்று வாக்குக்குரிய ஊரில் இப்போது லாரல் மரத்து வேர் கதவு நிலையைப் பிளந்துகொண்டிருக்கிறது. என் மனைவி அந்த நிலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஓடை கடலில் சேரும் இடத்தில் காலணியைக் கழற்றிக் கடந்தால், அப்படியே சிராலி கடற்கரை. மணலில் ஆங்காங்கே கம்பிக் கூண்டு கவிழ்த்திருந்தது. கடலாமை முட்டையிட்ட இடங்கள். ஒரு கூண்டின் பக்கத்தில் இருந்த தன்னார்வலர் பெண் எங்களைத் தள்ளி நடக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டதும் மணலில் மண்டியிட்டு, குஞ்சு எந்தத் திசையில் கடலைத் தேடும், விளக்கு வெளிச்சம் பட்டால் எப்படிக் குழம்பிவிடும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அன்று இரவு விடுதி முற்றத்து விளக்கை அணைக்கச் சொல்லி நாங்களே கேட்டோம்.

சிராலிக்கு மேலே மலையில் இருக்கும் யனார்தாஷுக்கு இருட்டிய பிறகு டார்ச்சோடு ஏறினோம். படிகள்தான், ஆனால் உயரம் உயரமான படிகள். நின்று நின்று ஏறினால் போதும். மேலே பாறை இடுக்குகளில் தானாகவே நெருப்பு எரிகிறது. பூமிக்குள்ளிருந்து மீத்தேன் கசிந்து வந்து எரிகிறது, பழங்காலத்திலிருந்தே அணையாத நெருப்பு. ஒன்றை ஊதி அணைத்தாலும் கொஞ்ச நேரத்தில் பக்கத்து நெருப்பிலிருந்து மறுபடி பற்றிக்கொள்ளும். அதற்குக் கீழே நெருப்புத் தெய்வமான ஹெபஸ்டஸின் கோயில் இடிபாடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் டீக் கெண்டியை நெருப்பின் மேல் வைத்திருந்தது. எங்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஃபாசெலிஸ் என்ற பழைய நகரத்தில் மூன்று துறைமுகங்கள். நடுவில் ஓடும் கல் பாவிய தெருவில் நடந்தால் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். அலெக்சாண்டர் கி.மு. 334-333 குளிர்காலத்தில் இங்கே தங்கினார். ஒரு மதியம் முழுக்க நிழலில் இருந்துவிட்டுக் கடலில் காலை நனைத்துக்கொண்டு வந்தோம்.

சிடிமாவைப் பற்றி எழுதிய தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த ஊருக்கு வண்டியில் போக முடியுமா? எந்த மாதம் நல்லது?

———

ஐயா, தாராளமாகப் போகலாம். தொதுர்கா வரை சாலை இருக்கிறது. ஃபெத்தியேயிலிருந்து கார் பிடித்தால் அலுப்பில்லாமல் போய்ச் சேரலாம், கல்லறைகள் எல்லாம் ஊரை ஒட்டியேதான். மார்ச், ஏப்ரலில் போங்கள். வயலெங்கும் அனிமோன் பூத்திருக்கும், வெயிலும் தாங்கும். அக்டோபரும் நல்ல மாதம்தான், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். அங்கே போனதும் மசூதிப் பக்கம் யாரிடமாவது எழுத்துள்ள கல் எங்கே என்று கேளுங்கள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக இருக்கட்டும்.