மலைநாட்டுக் குளிரில் உவர்நீர் உளுவை: யார் யார் வளர்க்கிறீர்கள்?

ஹட்டன் பக்கமிருந்து:
கொழும்புக்காரர்கள் உளுவை மீன் (கோபி) வளர்ப்பைப் பற்றிப் பேசினால் உப்பைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நமக்கு உப்பு கடைசிக் கவலை. முதலில் குளிர், அப்புறம் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித்தண்ணீர்.

என்னிடம் இருப்பது பம்பிள்பீ கோபி. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட தென்கிழக்காசிய மீன், 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. 24 முதல் 28 பாகை வரை சூடு கேட்கும். மார்கழி இரவில் ஹீட்டர் இல்லாமல் இங்கே அதை நினைத்தே பார்க்க முடியாது. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், தொட்டியைக் கம்பளியால் சுற்றி, மூடிய போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டுத்தான் சமாளித்தோம். வீட்டில் கிடைத்த ஏச்சை இங்கே எழுதவில்லை.

பீலித்தண்ணீர் குடிக்கத் தேன், ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து இல்லாத மாதிரிதான். உளுவைக்குக் கடினத்தன்மையுள்ள, காரத்தன்மையான தண்ணீர் வேண்டும். சமையல் உப்பு உவர்ப்பை மட்டும் தரும். கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பில்தான் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து வரும். லிட்டருக்கு 5 கிராம் அளவில் வாளியில் கரைத்த பிறகே ஊற்றுவேன். உப்பின் அளவைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.003 பக்கம் காட்டினால் போதும். சுண்ணாம்புச் சத்துக்காக ஃபில்டருக்குள் கழுவிய சிப்பி ஓடும் போட்டிருக்கிறேன். முருகைக்கல் தேடிப் போகாதீர்கள், கரையோரத்தில் அதைத் தோண்டுவதே தடை.

இன்னொன்று, இதுகளுக்கு இடச்சண்டை அதிகம். ஆளுக்கொரு பொந்து போதாது, மேலதிகமாகவும் வையுங்கள். வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒட்டி உறிஞ்சி மாதிரி இருப்பதால் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு மற்றதை முறைத்துப் பார்க்கும்.

பண்டாரவளையிலிருந்து:
அண்ணே, என்னிடம் இருப்பது நைட் கோபி. சாம்பல் உடம்பில் கரும்புள்ளி, நம் நாட்டுக் கரையோரத்திலும் உள்ள இனம்தான். குஞ்சுக் கப்பிகளோடு ஒரே தொட்டியில் விட்டிருந்தேன், இப்போது கப்பிகளைக் காணோம். ஆனால் உலர்தீனியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நுளம்புக் குடம்பி வளர்த்துப் போடலாமா?

ஹட்டன் பக்கமிருந்து:
தம்பி, வாளியில் குடம்பி வளர்த்தால் முதலில் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாதான் வருவார்! நுளம்பு பெருக இடம் கொடுப்பதற்கு எதிராக 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. உறையவைத்த இரத்தப்புழுவை உருக்கி, இடுக்கியால் பிடித்து மீனின் முகத்துக்கு முன்னால் ஆட்டு, பாய்ந்து கவ்வும். என் சின்னதுகளுக்கு ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால். இந்தக் குளிரில் அதன் முட்டை சுணங்கித்தான் பொரிக்கும், அதனால் போத்தலைத் தொட்டிக்குள்ளேயே நிறுத்திவிடுவேன். ஒரே ஹீட்டரில் இரண்டு வேலை.

நுவரெலியாவிலிருந்து:
ஹீட்டர் ஓடுவதால் எங்கள் தொட்டியில் தண்ணீர் சட்டென்று குறைகிறது. ஒவ்வொரு முறையும் உப்புத்தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்?

ஹட்டன் பக்கமிருந்து:
இல்லை அக்கா. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வற்றியதற்கு வெறும் தண்ணீர் விடுங்கள். பழையதை வெளியே எடுத்து மாற்றும்போதுதான் உப்புத்தண்ணீர்.