புதிய மடிக்கணினியில் பழைய எடைக்கணக்கு மென்பொருள் மட்டும் மங்கலாகத் தெரிகிறது

இலைக்கணக்கு, கோத்தகிரி:
வணக்கம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போட்டுப் பதிவது என் வேலை. பழைய கணினி ஆடி மழையில் ஈரம் ஏறிப் பழுதாகிவிட்டது. இப்போது இருப்பது விண்டோஸ் 11, 14 அங்குலத் திரை, 1920 × 1080. மற்றவை எல்லாம் பளிச்சென்று இருக்க, எடைக்கணக்கு மென்பொருள் மட்டும் பனி மூடிய ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது. லதா, நிர்மலா என்று எழுத்துருவை மாற்றியும் மங்கல் போகவில்லை.

நேற்று ஒரு பாட்டி கொண்டுவந்தது 18 கிலோ. அச்சான சீட்டிலும் 18தான். நான் திரையைப் பார்த்து 13 என்று பேரேட்டில் எழுதிவிட்டேன். பாட்டி சீட்டை நீட்டிக் கேட்டபோது எனக்குக் கூசிப்போயிற்று. சரிவில் நின்று கிள்ளிய 5 கிலோ அது.

இன்னொன்று: பெள்ளன் என்ற பெயரில் கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கிறது.

மலைக்காற்று:
தேடல் பெட்டியில் கிளியர்டைப் (திரை எழுத்தைக் கூர்மையாக்கும் விண்டோஸ் வசதி) என்று தேடித் திறந்து, தெளிவாகத் தெரியும் மாதிரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள்.

இலைக்கணக்கு:
செய்தேன் அண்ணா. எடைக்கணக்கில் மாற்றமே இல்லை.

அச்சுக்கோப்பு, குன்னூர்:
எழுத்துருவில் குற்றம் இல்லை அம்மா. சீட்டு தெளிவாக வருகிறது என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு விகிதம் (ஸ்கேல்) உங்களுக்கு 125 அல்லது 150 சதவீதமாக இருக்கும். பழைய மென்பொருளுக்கு அந்த விகிதம் தெரியாது; அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற பழைய கணக்கில் வரைந்து கொடுத்துவிடும். அதை விண்டோஸ் படம்போல இழுத்துப் பெரிதாக்குகிறது. இழுத்ததும் 8-இன் இடப்பக்கக் கோடு கரைந்து 3 ஆகிவிடுகிறது.

மென்பொருளின் ஐகானில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போங்கள். கீழே உள்ள ஓவர்ரைடு கட்டத்தில் டிக் போட்டு, முதலில் சிஸ்டம் என்ஹான்ஸ்டு. அது ஒத்துவராவிட்டால் அப்ளிகேஷன். அப்ளிகேஷனில் எழுத்து கூர்மையாகும், ஆனால் சிறுத்துவிடும். ஒவ்வொரு முறையும் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். முழுத்திரைக்கும் விகிதத்தை 100 ஆக்கச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். 14 அங்குலத்தில் நாள் முழுதும் அதைப் படித்தால் கண் போய்விடும்.

புள்ளி வட்டம் வேறு நோய். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலில் அடித்து, பிறகு ப அடிப்போம். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ப முதலில், கொம்பு பிறகு. திரையில் இடம் மாற்றி வைப்பது கணினியின் பொறுப்பு. யாரோ பழைய பட்டியலை வரிசை திருத்தாமல் மாற்றியிருக்கிறார்கள். தாங்கி நிற்க மெய்யெழுத்து இல்லாத கொம்புக்குத்தான் அந்த வட்டம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் வரும் பெயர்களை எல்லாம் பாருங்கள். பெயர்த் தொகுப்பின் நகலை எடுத்து வைத்துவிட்டுக் கை வையுங்கள்.

இலைக்கணக்கு:
விகிதம் 150 இருந்தது. சிஸ்டம் என்ஹான்ஸ்டு போட்டதும் 8-இன் இரண்டு வளையமும் தனித்தனியாகத் தெரிகின்றன! மிக்க நன்றி ஐயா. பேரேட்டில் பாட்டியின் கணக்கைத் திருத்தி அவரிடமே காட்டிவிட்டேன். நகல் எடுத்தாயிற்று. பெள்ளன் சரியாகிவிட்டார், இன்னும் 40 பெயர்கள் இருக்கின்றன. எடை முடிந்த பிறகு தினம் பத்தாக அடித்துவிடுகிறேன்.