உஸ்குதார்ல தண்ணி ஓரமா இருக்கற குட்டி மசூதி, அம்மாவோட போகலாமா?

மதுரைக்காரி:
வணக்கம். அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு இஸ்தான்புல் போறேன், மூணு நாள், சிர்கெசி பக்கம் ரூம் போட்டாச்சு. நீல மசூதி, ஹாகியா சோபியா எல்லாம் லிஸ்ட்ல இருக்கு, ஆனா ஒரு போட்டோல தண்ணிய ஒட்டினாப்புல ஒரு குட்டி மசூதி, ஒத்த மினார், அதப் பார்த்ததுல இருந்து மனசு அங்கயே நிக்குது. ஷெம்சி பாஷா மசூதியாம், ஆசியா கரையில உஸ்குதார்ல இருக்காம். அம்மாவுக்கு முட்டி வலி, படி ரொம்ப ஏற முடியாது. இதுக்குன்னு அரை நாள் ஒதுக்கலாமா? பறவையே உட்காராத மசூதின்னு வேற சொல்றாங்க, நெசமா?

ஃபெர்ரி பிரியன்:
கண்டிப்பா போங்க. நான் படிக்கறப்ப ரெண்டு வருஷம் உஸ்குதார்லதான் குடியிருந்தேன். உங்க ரூம்ல இருந்து எமினோனு படித்துறை நடக்கற தூரம், அங்கருந்து ஃபெர்ரி புடிங்க, மேல வெளிய உட்கார்ந்து ஒரு டீயும் சிமிட்டும் (எள்ளு தூவின வளைய ரொட்டி) வாங்கிக்கிட்டா டோப்காப்பி அரண்மனை ஒரு பக்கம் கலாட்டா கோபுரம் ஒரு பக்கம்னு அப்படியே நகர்ந்து போகும், அம்மாவுக்கு அதுவே பாதி டூர். கடலுக்கு அடியில போற மர்மராய் ரயிலும் இருக்கு, 2013ல திறந்தது, ஒரே ஸ்டாப், நாலு நிமிஷம்தான், ஆனா சிர்கெசி ஸ்டேஷன் ரொம்ப ஆழம், எஸ்கலேட்டர் நீளமா போயிட்டே இருக்கும். (அந்த ரயிலுக்காக யெனிகாபில தோண்டினப்பதான் பழைய பைசாந்திய துறைமுகமும் 37 கப்பலும் கிடைச்சுது, வேலை வருஷக்கணக்கா தள்ளிப்போச்சு.)

உஸ்குதார்ல இறங்கி தண்ணிய இடது கையில விடாம, வலது கைப்பக்கம் வெச்சுக்கிட்டு நடங்க, கொஞ்ச தூரம்தான், பூரா சமதரை. பறவை விஷயம், அந்த மசூதிக்கு ஊர்க்காரங்க வெச்ச பேரே குஷ்கொன்மாஸ், பறவை உட்காராதுன்னு அர்த்தம். பாஸ்பரஸ் நீரிணைக் காத்து அந்த முனையில சுழட்டி அடிக்கும், அலைச்சத்தம் வேற, அதனாலன்னு சொல்வாங்க. நான் பார்க்க கடல்காக்கா உட்கார்ந்திருக்கு, ஆனா அந்தக் காத்து நெசம், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

கல்லும்சுண்ணாம்பும்:
நான் ஆர்கிடெக்ட், அந்த ஊருக்குப் போனப்ப எனக்கு ரொம்பப் புடிச்சுப்போன கட்டடம் இதுதான். 1580-81ல கட்டினது, கட்டினவர் சினான், ஒட்டோமான் சுல்தான்களோட தலைமைக் கட்டடக் கலைஞர். இஸ்தான்புல்ல சுலைமானியே மசூதி, எதிர்னே ஊர்ல செலிமியே மசூதின்னு அவ்ளோ பெரிய பெரிய குவிமாடம் எழுப்பின மனுஷன், வயசான காலத்துல இங்க வெறும் 8 மீட்டர் அகலத்துக்கு ஒரு குவிமாடம் போட்டு நிறுத்திக்கிட்டார். இடம் அவ்ளோதான், முன்னாடி கடல், அதோட போட்டி போடாம ஒதுங்கி உட்கார வெச்சிருக்கார், எனக்கு அதுதான் பெரிய வித்தை. மசூதி கிப்லா (தொழறப்ப பார்க்கற மெக்கா திசை) பார்த்துத் திரும்பி நிக்குது, மத்ரசா எல் ஷேப்ல சுத்தி வருது, அது இப்ப நூலகம். கடல் பக்கத்து மதில்ல ஜன்னல் மாதிரி திறப்பு விட்டு கம்பி போட்டிருக்கார், முற்றத்துல உட்கார்ந்தா அந்தக் கம்பி வழியா கப்பல் ஒண்ணொண்ணா கடந்து போறது தெரியும், நான் ஒரு மணி நேரம் எழுந்திரிக்கவே இல்ல. உள்ள போனா இந்த மசூதிய கட்டவெச்ச ஷெம்சி அகமது பாஷாவோட கல்லறையையும் கவனிங்க, தொழற இடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கிராதி மட்டும்தான்.

காயல்வாசி:
அஸ்ஸலாமு அலைக்கும், நான் அங்க அஸர் (சாயங்காலத் தொழுகை) தொழுதிருக்கேன், ஒளு செஞ்சிட்டு, அதாவது கை கால் முகம் கழுவிட்டு, உள்ள போனா சின்ன பள்ளிவாசல்ங்கறதால இமாம் ஓதறது பக்கத்துல உட்கார்ந்து ஓதற மாதிரி இருந்துச்சு. தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை மதியத்தையும் விட்டுட்டுப் போனீங்கன்னா நிம்மதியா பார்க்கலாம்மா, தலைக்கு ஒரு துப்பட்டா போதும்.

படித்துறைக்கு எதிர்லயே மிஹ்ரிமா சுல்தான் பள்ளி இருக்கு, அதுவும் சினான் கட்டினதுதான், சுலைமான் சுல்தானோட மகளுக்காக, 1548. அது மேடையில இருக்கு, படி ஏறணும், அம்மா கீழ நீரூற்றுகிட்ட உட்காரட்டும். ஆனா பக்கத்துல யெனி வாலிதே பள்ளிய விட்டுடாதீங்க. 1710ல முடிஞ்சது, அது சுவர்ல பறவைக்குன்னே கல்லுல குட்டி குட்டி மாளிகை செதுக்கி வெச்சிருக்காங்க, மாடம், கூரை எல்லாத்தோடயும். ஒரே ஊர்ல பறவை உட்காராத பள்ளியும் இருக்கு, பறவைக்கு வீடு கட்டிக் குடுத்த பள்ளியும் இருக்கு!

மதுரைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட படிச்சுக் காமிச்சேன், கல்லுல செதுக்கின பறவை வீடுன்னதும் நீல மசூதிக்கு முன்னாடி அங்க போயிடலாங்கறாங்க. சாயங்காலம் இருட்டற வரைக்கும் கரையில இருக்கலாமா?

ஃபெர்ரி பிரியன்:
இருங்க, அதான் நல்ல நேரமே. மசூதி தாண்டி அப்படியே சலாஜக் வரைக்கும் போனா கரையிலயே படி படியா உட்கார இடம், எதிர்ல தண்ணிக்குள்ள கன்னிக் கோபுரம், சூரியன் அந்தக்கரை மினாருங்களுக்குப் பின்னாடி இறங்கும். அம்மாவால நடக்க முடியலன்னா டாக்சி எடுத்துக்கோங்க, கிட்டதான்.